மாதாமாதம் பணம் அனுப்பியும் ஊரில் தனியாக இருக்கும் அம்மா மெலிந்துகொண்டே போகிறார். என்ன செய்யலாம்?

நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், அம்மா ஊரை விட்டு வர மறுக்கிறார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். "கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் அம்மா சென்னைக்கு வந்தால் மறுநாளே "ஆட்டுக்கு யாரு தண்ணி காட்டுறா" என்று ஆரம்பித்துவிடுவார்.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். அரிசிக்குக் குறைவில்லை, 2011-லிருந்து ரேஷனில் இலவசம். துவரம்பருப்பும் கிலோ 30 ரூபாய்தான். ஆனால் "ஒத்த ஆளுக்கு என்னத்தக் குழம்பு வைக்கிறது" என்று ஒருவேளை உலை வைப்பார், ராத்திரிக்கு அதையே தண்ணீர் ஊற்றி ஊறுகாயோடு முடித்துக்கொள்வார். பருப்பு அப்படியே அக்கா வீட்டுக்குப் போகும். கடைவாய்ப் பல் இல்லாததால் கறியும் கடலையும் மெல்ல முடியாது. பல் செட் கட்டிக் கொடுத்தோம். சாப்பிடும்போது கழற்றி வைத்துவிடுகிறார்!

ஒருமுறை போனபோது முறத்தில் அரிசியைப் பரப்பி, நிறம் மாறித் தெரிந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "பிளாஸ்டிக் அரிசிடா, தண்ணியில மிதக்குது." அது சத்துச் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. சாதா அரிசி நூறுக்கு அதில் ஒன்று கலந்திருந்தார்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் அந்த ஒன்றில்தான். கோழிதான் கொழுத்தது.

அப்புறம்தான் பணத்தைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் வீட்டுக்கு வைக்கிற குழம்பில் ஒரு கிண்ணம், குழைய வேகவைத்த கீரை அல்லது பருப்பு, தினம் ஒரு அவித்த முட்டை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, மெல்லவும் வேண்டாம். அம்மாவிடம் காசு விஷயத்தைச் சொல்லவில்லை. தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டும் உங்கள் அம்மா மெலிந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றுக்கும் பரிசோதித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரேஷன் கடைக்கு நடக்க முடியாவிட்டால், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குப் பொருளைக் கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. கடையில் விசாரியுங்கள்.

"பெத்த தாய்க்குச் சோறு போட அடுத்த வீட்டுக்குக் காசா?" என்று எங்கள் பெரியப்பா வகையறாவில் ஒருவர் கல்யாண வீட்டில் வைத்தே கேட்டார். பாகம் பிரித்தபோது கிணற்றடிப் புளியமரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் அவர். வருடா வருடம் உலுக்கி விற்கிறார், எங்களுக்கு ஒரு கொட்டைப் புளி வந்ததில்லை. அத்தை வைக்கிற குழம்புக்குப் புளி கடையில்தான் வாங்குகிறார்.