முகமூடிக்குள் மூன்று முகம்: வாசகர் கேள்வி பதில்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘பேட்மேன் பிகின்ஸ்’ 2005 ஜூனில் வெளியானது. எட்டு வருடம் முடங்கிக் கிடந்த ஒரு கதையை அடியிலிருந்து மறுபடி தொடங்கிய படம் அது. அதில் யாருக்கு எந்த வேடம், ஏன் என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். படத்தின் முக்கியத் திருப்பம் ஒன்று கீழே உடைக்கப்படுகிறது. பார்க்காதவர்கள் நான்காவது கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: பேட்மேனாக ஏற்கெனவே மூன்று பேர் மாறி மாறி நடித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் சொல்லாமல், 2005 படத்தை மட்டும் ‘ரீபூட்’ என்பது ஏன்? (தூத்துக்குடி வாசகர்)

நாயகனை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள், விடை கிடைக்கும். 1989, 1992 படங்களில் மைக்கேல் கீட்டன், 1995இல் வால் கில்மர், 1997இல் ஜார்ஜ் க்ளூனி என்று பேட்மேன் மாறிக்கொண்டே இருந்தார். ஆனால் நான்கிலும் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டாக மைக்கேல் காஃப், கமிஷனர் கோர்டனாகப் பேட் ஹிங்கிள். வீட்டில் அதே பெரியவர், காவல் நிலையத்தில் அதே அதிகாரி. அதனால் ஆள் மாறினாலும் கதை தொடர்வதாகவே நமக்குத் தோன்றியது. 2005இல் இவர்களில் ஒருவர்கூட இல்லை. பெற்றோர் கொல்லப்படும் இரவிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. நாயகனை மாற்றினால் அது அடுத்த பாகம். வீட்டையும் ஊரையும் சேர்த்து மாற்றினால் ரீபூட்.

கேள்வி: கிறிஸ்டியன் பேல் எலும்பும் தோலுமாக நடித்த படம் முடிந்த கையோடு பேட்மேன் ஆனார் என்கிறார்கள். அந்த உடம்பைப் பார்த்த பிறகும் எப்படித் தேர்வு செய்தார்கள்? (ஈரோடு வாசகி)

உடம்பை ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். தேடியது வேறொன்று. ஸ்கிரீன் டெஸ்டுக்குப் புது உடை தயாராகியிருக்கவில்லை. 1995 படத்தில் வால் கில்மர் போட்டிருந்த உடையையே மாட்டிவிட்டார்கள். எதிரில் வசனம் கொடுத்தவர் ஏமி ஆடம்ஸ். அந்த முகமூடியைப் போட்டால் புருவம், நெற்றி, கன்னம் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது கண், உதடு, தாடை. நடிகர் முகத்தால் செய்யும் வேலையில் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுவிடும். சாதாரணக் குரலில் பேசினால், திருவிழாவுக்கு வேஷம் கட்டிய மனிதர்போல் இருக்கும். பேல் அந்த உடைக்குள் ஒரு மிருகமாகத்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்து, உடம்பைத் தாழ்த்தி, உறுமலாகப் பேசினார். வேடம் கிடைத்தது அதனால்தான்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ‘தி மெஷினிஸ்ட்’ படத்துக்காக ஏறத்தாழ 28 கிலோ குறைத்து 55 கிலோவுக்கு வந்திருந்தார். 183 செ.மீ. உயரத்துக்கு அது ஆபத்தான எடை. தேர்வான பிறகு சுமார் ஆறு மாதத்தில் 100 கிலோ வரை ஏற்றினார். அங்கே தவறியது: மல்லர்போல் பருத்துவிட்டார், நிழலில் பதுங்கிப் பாயும் ஆளுக்கு அது பொருந்தவில்லை. மறுபடி இறக்கி, 86 கிலோ அளவில் படப்பிடிப்புக்கு வந்தார். பட்டினி கிடந்த உடம்பில் கொழுப்போடு தசையும் கரைந்திருக்கும். அவசரமாகச் சாப்பிட்டால் முதலில் திரும்புவது கொழுப்புதான். இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி: நம் பழைய படங்களில் கன்னத்தில் மரு ஒட்டினால் ஆள் மாறிவிடுவார். புரூஸ் வெய்ன்தான் பேட்மேன் என்று கோத்தம் நகரில் யாருக்கும் தெரியாதது மட்டும் நம்பும்படியா இருக்கிறது? (கும்பகோணம் வாசகர்)

நம்ப வைத்தது நடிப்புதான். பேல் இரண்டு வேடம் போடவில்லை, மூன்று போட்டார். ஆல்ஃபிரட்டோடு தனியாக இருக்கும் புரூஸ் ஒருவன்: மெல்லிய குரல், நேர்ப்பார்வை, கொஞ்சம் களைப்பு. ஊருக்குத் தெரிந்த பணக்காரப் பிள்ளை இன்னொருவன்: தோள் தளர்ந்து, சொல்லை இழுத்து, எதிராளி முகத்தைக் கவனிக்காமல் பேசுவான். இரண்டு பெண்களோடு ஹோட்டல் நீர்த்தொட்டியில் இறங்கிவிட்டு, ஆட்சேபித்தவரிடம் அந்த ஹோட்டலையே வாங்குவதாகச் சொல்பவன் இவன். மூன்றாமவன் முகமூடிக்காரன்.

பிறந்தநாள் விருந்துக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஆபத்து வீட்டுக்குள் வந்துவிட்டது, விருந்தினரை உடனே வெளியேற்ற வேண்டும். புரூஸ் குடிகாரனாக நடித்து, வந்தவர்களை வாய்க்கு வந்தபடி அவமானப்படுத்தி விரட்டுகிறான். முதலாமவன் இரண்டாமவனாக நடித்து மூன்றாமவனின் வேலையைச் செய்கிற இடம் அது. அவர்கள் முகம் சுளித்து நகரும்போது அவன் கண்ணில் ஒரு நொடி தெரியும் வலி முதலாமவனுடையது. படம் முழுக்கப் பேல் செய்த மிக நுட்பமான வேலை இதுதான் என்பது எங்கள் முடிவு.

கேள்வி: லியம் நீசன், கேரி ஓல்ட்மேன், கென் வாட்டனபே, ருட்கர் ஹவர் என்று இத்தனை பெரிய பெயர்கள் சின்னச் சின்ன வேடத்துக்கு எதற்கு? பணம் வீண் இல்லையா? (சேலம் வாசகர்)

நோலன் முன்மாதிரியாகச் சொன்னது 1978இல் வந்த ‘சூப்பர்மேன்’. அதில் நாயகன் கிறிஸ்டோபர் ரீவ் புதுமுகம்; சுற்றிலும் மார்லன் பிராண்டோ, ஜீன் ஹாக்மேன், கிளென் ஃபோர்டு. பெரிய நடிகர்கள் சுற்றி நின்று நம்பும்போது, பறக்கும் மனிதனை நாமும் நம்பிவிடுகிறோம். இது முதல் காரணம்.

இரண்டாவதுதான் சுவையானது. ஒவ்வொரு நடிகரின் பழைய வேடமும் நம் மனத்தில் ஒரு படிவாக இருக்கும். நடிகர் தேர்வைக் கவனித்த ஜான் பாப்சிடெராவும் லூசிண்டா சைசனும் இயக்குநரும் அந்தப் படிவைக் கதைக்குள் இழுத்தார்கள். 1999இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஜெடாய் என்ற வாள்வீரர்களின் குருவாக வந்தவர் லியம் நீசன். இங்கேயும் அவர் கையில் வாள், எதிரில் சீடன். டுகார்ட் என்ற இந்த மனிதர் நல்ல குருவாகத்தான் இருப்பார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். முந்தைய இரண்டு வருடத்துக்குள் சாமுராய் தலைவராகப் பேர் வாங்கிய கென் வாட்டனபேயை, ரகசியக் கூட்டத்தின் தலைவர் ராஸ் அல் குல் என்று உயர்ந்த ஆசனத்தில் உட்கார வைத்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் உண்மையான ராஸ் அல் குல் டுகார்ட்தான். முதல் சந்திப்பிலேயே துப்பு இருக்கிறது: தலைவர் வேறொரு மொழியில் பேச, டுகார்ட்தான் அதை மொழிபெயர்க்கிறார். நாம் கேட்கிற கட்டளை டுகார்டின் வாயிலிருந்து வருகிறது!

கேரி ஓல்ட்மேன் இதற்கு நேர் எதிர். 1992இல் டிராகுலா, 1994இல் ‘லியோன்’ படத்தின் போதை மருந்து தின்னும் போலீஸ்காரர், 1997இல் அமெரிக்க அதிபரின் விமானத்தைக் கடத்துபவர். இப்படிப்பட்டவரைக் கோத்தமில் கறை படியாத ஒரே காவலராகப் போட்டதால், அவர் எப்போது மாறுவாரோ என்ற பதற்றம் நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவரோ மாறுவதில்லை. பெற்றோரை இழந்த சிறுவனின் தோளில் ஒரு கோட்டைப் போர்த்துகிறார், அவ்வளவுதான். 2012இல் வந்த மூன்றாம் படத்தின் முடிவில் அந்தக் கோட்டை நினைவுபடுத்தும்போது கண் கலங்காதவர் குறைவு. அலட்டாமல், குரலை உயர்த்தாமல் ஓல்ட்மேன் கட்டிய கடன் திரும்பி வருகிற இடம் அது.

ஆல்ஃபிரட்டாக வந்த மைக்கேல் கெய்னும் வேடத்தை வெறும் பணிவிடையாக எடுத்துக்கொள்ளவில்லை. இவர் முன்னாள் ராணுவ வீரர், காயம்பட்ட பிறகு வெய்ன் வீட்டுக்கு வந்தவர் என்று தானே ஒரு பூர்வகதையை எழுதிக்கொண்டார். அவருடைய ஆல்ஃபிரட் புரூஸை அதட்டக்கூடியவராக இருப்பது அதனால்.

கேள்வி: ஸ்கேர்குரோவாக நடித்த கிலியன் மர்ஃபி முதலில் பேட்மேன் வேடத்துக்கு வந்தவராமே? (புதுச்சேரி வாசகி)

ஆமாம். அவரும் அதே கில்மர் உடையில்தான் டெஸ்ட் கொடுத்தார். பேட்மேனுக்கு உடம்பும் தாடையும் ஒத்துவரவில்லை. ஆனால் அந்தக் கண்களை நோலனால் விட முடியவில்லை. ஸ்கேர்குரோவாக மாறும் டாக்டர் கிரேன் வேடத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணாடியைக் கழற்றுவதற்கான சாக்குகளைக் காட்சிக்குள் தேடினார். நோலனின் மூன்று பேட்மேன் படத்திலும் தலைகாட்டும் ஒரே வில்லன் அவர்தான். 2025இல் வந்த ‘சூப்பர்மே’னிலும் இதே கதை: நிக்கலஸ் ஹோல்ட் நாயகன் வேடத்துக்குப் போட்டியிட்டு, லெக்ஸ் லூதர் ஆனார்.

கேள்வி: கல்லூரி நாடகத்தில் எனக்குப் பேட்மேன் வேடம். அந்தக் கரகரப்புக் குரலில் பத்து நிமிடம் பேசினாலே தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது? (கோவை மாணவர்)

பேலுக்கே முதல் படப்பிடிப்பில் மூன்று முறை குரல் போனது. நீங்கள் தொண்டையை இறுக்குகிறீர்கள். அப்படி இறுக்கும்போது குரல்நாணுக்கு மேலே உள்ள மடிப்புகள் நெருங்கி, நாண்கள் அழுத்தத்தோடு உரசி வீங்கும்.

முதலில் உங்கள் இயல்புக் குரலின் கீழ் எல்லையைக் கண்டுபிடியுங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, அந்தத் தாழ்ந்த குரலில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து பேசுங்கள். மிரட்டலை வல்லின எழுத்துகள் தரட்டும். க, ட, த, ப ஆகியவற்றை அழுத்தினால் கரகரப்பு பாதி போதும். ஒரு மூச்சுக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். வசனம் நீளமாக இருந்தால் எழுதியவரிடம் வெட்டச் சொல்லுங்கள். முதல் படத்தில் முகமூடிக்காரன் துண்டு துண்டாகப் பேசுவதால் குரல் அச்சுறுத்தியது. 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’டில் கடைசியில் நீளமாகப் பேசும்போது அதே குரல் பலருக்கு உறுத்தியது. அந்தப் படத்தில் ஒலிக்கலவையிலும் குரலை மாற்றியிருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். காலர் மைக் இருந்தால் சத்தத்தை அது பார்த்துக்கொள்ளும், நீங்கள் தாழ்த்திப் பேசலாம். ஒத்திகையில் பாதி நேரம் சாதாரணக் குரலே போதும். இடையிடையே தண்ணீர் குடியுங்கள், கனைக்காதீர்கள். வலி வந்த உடனே நிறுத்துங்கள். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: ரேச்சலாக நடித்த கேட்டி ஹோம்ஸை அடுத்த படத்தில் மாற்றிவிட்டார்கள். அவர் நடிப்பு அவ்வளவு மோசமா? (மதுரை வாசகி)

அவர் அடுத்த பாகத்தில் தொடரவில்லை. மேகி ஜில்லன்ஹால் வந்தார். பழியை நடிகையின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. ரேச்சல் காமிக்ஸில் இல்லாத, படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். முதல் படத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை புரூஸுக்கு நல்லது கெட்டது சொல்வது. அரசு வழக்கறிஞர் என்கிறார்கள், ஆனால் அவள் தானாக ஒரு முடிவெடுத்து அதன் விலையைக் கொடுக்கும் காட்சி கிட்டத்தட்ட இல்லை. பேலுக்கும் ஹோம்ஸுக்கும் வயதில் ஐந்து வருட இடைவெளி, ஜில்லன்ஹாலுக்கு நான்கு. எண்ணில் பெரிய வேறுபாடு இல்லை, முகத்தில் இருந்தது. சிறுவயதுத் தோழர்கள் என்பது ஹோம்ஸோடு ஒட்டவில்லை. இரண்டாம் படத்தில் புரூஸா, அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்டா என்ற தேர்வு ரேச்சலின் கையில் இருக்கிறது. ஆல்ஃபிரட்டிடம் ஒரு கடிதமும் கொடுக்கிறாள். ஜில்லன்ஹாலுக்கு நடிக்க ஏதோ கிடைத்தது.

கேள்வி: முதல் படத்தில் பேட்மேன் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறாரே? (நாகர்கோவில் வாசகர்)

முகமூடியும் கழுத்தும் ஒன்றாக வார்த்த ரப்பர் என்பதால். சூடும் இறுக்கமும் சேர்ந்து அரை மணி நேரத்தில் தலைவலி வரும் என்று பேல் சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சலை வேடத்துக்குள் செலுத்தினார். 2008இல் ஹெல்மெட்போலக் கழுத்திலிருந்து பிரித்துச் செய்தார்கள்.

கேள்வி: 2022இல் வந்த ‘தி பேட்மே’னிலும் நிழலுலகத் தலைவர் கார்மைன் ஃபால்கோனி வருகிறார். இரண்டு ஃபால்கோனியில் யார் மேல்? (திருச்சி வாசகர்)

2005இல் டாம் வில்கின்சன். உணவகத்தில் நீதிபதிகளும் காவலர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இளம் புரூஸின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, சுட்டாலும் கேட்பாரில்லை என்று காட்டுகிறார். கோத்தம் எவ்வளவு அழுகியிருக்கிறது என்பது அந்த ஒரே காட்சியில் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அவருக்கு வேலை குறைவு.

2022இல் ஜான் டர்டுரோ. நிறக்கண்ணாடி, மெதுவான பேச்சு, கிட்டத்தட்ட மாமா மாதிரி ஒரு பரிவு. ராபர்ட் பேட்டின்சனின் புரூஸ் ஊர்முன் நடிக்கத் தெரியாதவன். முகமூடியைக் கழற்றிய பிறகும் கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு அப்படியே இருக்கும். மூன்று முகம் அவனுக்கு இல்லை, ஒன்றுதான். அப்படிப்பட்டவன் முன்னால் துப்பாக்கி நீட்டும் வில்லன் தேவையில்லை. பாசமாகப் பேசி உள்ளே நுழைபவர்தான் ஆபத்து. உன் அப்பா என் நெஞ்சிலிருந்து குண்டை எடுத்தார், நீ மாடிப்படியில் நின்று பார்த்தாய் என்று டர்டுரோ சொல்லும்போது, புரூஸிடம் பதிலே இல்லை. எங்கள் ஓட்டு டர்டுரோவுக்கு. பேலின் படத்தில் அவரைப் போட்டிருந்தால் அந்த உணவகக் காட்சி நின்றிருக்காது என்பதும் உண்மை.