கழுதைப்புலிச் சண்டையும் கைப்பேசி நண்பரும்

கேள்வி: பழைய நண்பர்கள் ஐந்து பேர் சனிக்கிழமை சாயங்காலம் பாரில் கூடுவோம். கழுதைப்புலி நாய் இனமா பூனை இனமா, யானைக்குக் கன்று என்றால் ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன... பேச்சு இப்படித்தான் போகும். சமீபமாக ஒருவன் உடனே போனில் தேடி விடையைப் படித்துவிடுகிறான். அத்தோடு பேச்சு படுத்துவிடுகிறது. மனம் நோகாமல் அவனிடம் எப்படிச் சொல்வது? இந்த வயதில் இதெல்லாம் அபத்தமோ என்றும் தோன்றுகிறது.

பதில்: அபத்தம்தான். விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கடனையும் சர்க்கரை அளவையும் பேச மற்ற ஆறு நாட்கள் இருக்கின்றன.

கின்னஸ் சாதனைப் புத்தகமே இப்படி ஒரு வெட்டி வாக்குவாதத்தில் பிறந்ததுதான். 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன கூட்டத்தில், மனிதர்கள் வேட்டையாடும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறப்பது எது என்று சண்டை. அதில் ஒருவர் கின்னஸ் பீர் ஆலையின் நிர்வாக இயக்குநர் ஹ்யூ பீவர். புத்தகங்களைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. மதுக்கடைகளில் இப்படி எத்தனை சண்டை நடக்கும், அதற்கென்றே ஒரு நூல் போட்டால் என்ன என்று யோசித்தார். 1955இல் வெளிவந்தது. அன்று யார் கையிலாவது போன் இருந்திருந்தால் விஷயம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருவோம். போனுக்குத் தடை போடாதீர்கள். சத்தமாக வாதாட வராத ஆளுக்கு, விடை படிப்பதுதான் பேச்சில் கிடைக்கும் ஒரே இடமாக இருக்கலாம். அவரையே நடுவராக்குங்கள். பில் வரும்வரை ஆளாளுக்கு விடையும் காரணமும் சொல்லட்டும். பில் வந்ததும் அவர் தேடித் தீர்ப்புச் சொல்லட்டும். (கழுதைப்புலி பார்க்க நாய் மாதிரி, உறவு பூனைப் பக்கம். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்.)

அப்புறம், போனுக்கு எளிதில் சிக்காத கேள்விகளையும் கொண்டுபோங்கள். தொல்காப்பியத்தின் மரபியல் பகுதி பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் 'குஞ்சு' அந்த வரிசையில் இல்லையே, ஏன்? கிழட்டுக் கீரியும் கீரிப்பிள்ளையாகவே இருக்கிறதே, அதற்கு வயதே ஆகாதா? ஒரு சனிக்கிழமைக்குத் தாங்கும்.

தோற்றவருக்கு அபராதம் வேண்டுமென்றால் பணமாக வைத்துவிடாதீர்கள். நிஜச் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.