ஜெபம் போதவில்லையா, டாக்டர்?

கேள்வி: நாங்கள் காசிமேடு. எனக்கு 27 வயது. முதல் பிள்ளை, சுகப்பிரசவம், 2 கிலோ 800 கிராம். முதல் நாள் நன்றாக அழுதான், பால் குடித்தான். மூன்றாம் நாள் மூச்சு வாங்கி உடம்பு சில்லிட்டுப் போனது. இதயத்தின் இடப்பக்கம் வளரவே இல்லை என்று எக்கோ பார்த்துச் சொன்னார்கள். ஆறாம் நாள் போய்விட்டான். இன்றோடு 18 நாள். ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. பச்சை உடம்பு என்று என்னைக் கல்லறைக்கும் கூட்டிப்போகவில்லை. ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர் "உங்க விசுவாசம் பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். பால் இன்னும் கட்டுகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் பேசுவதே இல்லை. இது நான் செய்த பாவமா? அவனை இனிமேல் பார்ப்பேனா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் அந்தப் பாவம் என்ற சொல்லை எடுத்துவிடுவோம்.

குழந்தையின் இதயம் கர்ப்பத்தின் 3-வது வாரத்தில் உருவாகத் தொடங்கி 8-வது வாரத்துக்குள் ஏறக்குறைய முழு வடிவம் பெற்றுவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் கவனிக்கும் சமயத்திலேயே அந்த வேலை தொடங்கியிருக்கும். நீங்கள் எதைத் தூக்கினீர்கள், எதைச் சாப்பிட்டீர்கள், எந்த வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட்டீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கிறது. உங்கள் மகனுக்கு வந்தது அவற்றில் மிகக் கடுமையான ஒன்று.

அப்படியென்றால் முதல் நாள் எப்படி நன்றாக இருந்தான்? இந்தக் கேள்விதான் தாய்மார்களைத் தூங்கவிடாது. வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் இதயத்தின் அருகே ஒரு சிறு ரத்தக்குழாய் திறந்திருக்கும். இடப்பக்கம் வளராத குழந்தைக்கு உடம்பு முழுவதும் ரத்தம் போவது அந்த ஒரு வழியாகத்தான். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். மூடத் தொடங்கியதும் மூச்சு வாங்கும், கை கால் சில்லிடும். நீங்கள் பால் கொடுத்த விதத்திலோ தூக்கி வைத்திருந்த விதத்திலோ எதுவும் நடக்கவில்லை. இதற்கு மூன்று கட்டமாக அறுவை சிகிச்சை உண்டு. நம் நாட்டில் மிகச் சில இடங்களில்தான் செய்கிறார்கள், அதிலும் ஆபத்து அதிகம். ஆகவே வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் என்று உங்களையே வதைத்துக்கொள்ள வேண்டாம்.

விசுவாசத்துக்கு வருகிறேன். 20 வருடத்துக்கு மேல் வடசென்னையில் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கிறேன். நானும் ஞாயிறு பூசை தவறாதவள். அந்த அக்கா சொன்னதைப் பல வார்டுகளில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிறார் இயேசு. உங்கள் கேள்விக்கு அவரே சொன்ன பதில் அது.

ராயப்பர், அதாவது சீடரான பேதுரு, உங்கள் தொழில்காரர். காற்றைக் கண்டு பயந்து கடலில் அமிழ்ந்தவரை நினைத்துப் பாருங்கள். மத்தேயு எழுதிய வரிசையைக் கவனியுங்கள்: இயேசு முதலில் கையை நீட்டிப் பிடிக்கிறார், நம்பிக்கை குறைவு என்ற பேச்சு அப்புறம்தான் வருகிறது. விசுவாசத்தை அளந்து பார்த்துவிட்டுக் கை கொடுக்கவில்லை. லாசரின் கல்லறை முன்னால் அவரே அழுதவர், நீங்கள் அழுவதைக் குறை சொல்ல மாட்டார்.

ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் பற்றி உங்கள் பாட்டி காலத்தில் பயமுறுத்திச் சொல்லியிருப்பார்கள். 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்பு பெறுவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று எழுதியது. அதை வெளியிட அன்றைய போப் 16-ஆம் பெனடிக்ட் இசைவு தந்தார். பங்குச் சாமியாரிடம் போய் இதைக் கேளுங்கள், மகனுக்காக ஒரு பூசையும் கேளுங்கள். அவனைப் பார்ப்பீர்களா? எக்கோவிலோ ஸ்கேனிலோ இதற்குப் பதில் இல்லை. ஆனால் பார்ப்பீர்கள் என்று நான் நம்புகிறேன். நான் கையில் ஏந்தி வழியனுப்பிய குழந்தைகள் ஒவ்வொருவரைப் பற்றியும் அப்படித்தான் நம்புகிறேன்.

பால் விஷயம். முழுதும் பீய்ச்சி எடுத்தால் உடம்பு மறுபடி ஊற வைக்கும். வலி தாங்காதபோது கொஞ்சம் மட்டும் எடுங்கள், ஈரத்துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுங்கள், அளவான உள்ளாடை போடுங்கள். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்வார்களே, செய்யலாம். 1988-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது பால் நிறுத்தும் மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்தது. மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம், ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது ஆகாது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அழுகை நோய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லாமல், சாப்பாடு இறங்காமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். அவனோடே போய்விடலாம் என்று தோன்றினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்த குழந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்காததால் சீக்கிரமே கரு தங்கிவிடலாம். ஆறு மாதமாவது தள்ளிப்போடுங்கள், இன்னும் கூடுதலாக விட்டால் உடம்புக்கு நல்லது. தயாராகும்போது ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குங்கள். 18 முதல் 24 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்துக்கென்றே எக்கோ எடுக்க வேண்டும், மறக்காதீர்கள்.

கல்லறைக்கு நீங்கள் போகக் கூடாது என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. மெதுவாக நடந்தே போகலாம். உங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது, என் அனுபவத்தில், அவனைத் தனியாகக் குழிக்குள் வைத்துவிட்டு வந்த பாரம். பெரும்பாலான அப்பாக்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. ஜூன் 14-க்கு அப்புறம் அவர் கடலுக்குப் போய்விடுவார். அதற்குள் ஒரு சாயங்காலம் இரண்டு பேருமாகப் போங்கள், இடத்தை அவர் காட்டட்டும். மகனுக்கு என்ன பெயர் நினைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஜெபியுங்கள், மெழுகுவர்த்தியை அவர் ஏற்றட்டும்.