ஊரடங்கில் இ-பாஸ் கேட்டது தனிமனித சுதந்திரத்தைப் பறித்ததா?

"எனக்குக் காய்ச்சலே இல்லை, என்னை ஏன் தடுத்தார்கள்?" என்று இ-பாஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2020 ஊரடங்கில் வேறு மாவட்டத்துக்குப் போக இணையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டியிருந்த அரசு அனுமதிதான் இ-பாஸ். கொரோனா, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவக்கூடியது. அதனால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2020 ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு போட்டபோது நான் மனதார ஏற்றுக்கொண்டேன். அந்தச் சித்திரையில் அழகரே வைகையில் இறங்கவில்லையே!

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 19-வது பிரிவு நாடு முழுக்க நடமாடும் உரிமையைத் தருகிறது. பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது. அந்த 'நியாயமான' என்ற சொல்லில்தான் சிக்கல்.

தேனியில் பெரியம்மா இறந்தபோது காலையிலேயே இ-பாஸுக்கு விண்ணப்பித்தோம். இறப்பும் அனுமதிக்கப்பட்ட காரணம்தான். ஆனால் பாஸ் வந்தது, அடக்கம் முடிந்த மறுநாள். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, அக்காவின் முகத்தைக் கடைசியாக வீடியோ காலில் பார்த்தார். படம் நின்று நின்று வந்தது. போகும் வழியில் பரிசோதித்து, பத்துப் பேரோடு அனுப்பியிருக்கலாம். கல்யாணத்தையும் சாவையும் ஒரே வரிசையில் நிறுத்திக் காக்க வைத்தது நியாயமான கட்டுப்பாடு இல்லை.