வைரஸை விட்டுவிட்டு நம் உயிரணுவின் புரதத்தை மருந்து குறிவைப்பது ஏன்?

உயிரணுவுக்குள் நுழைய வைரஸின் புரதம் நம் புரதம் ஒன்றைப் பற்றியாக வேண்டும் என்பதால், அந்தப் பிடிப்பே மருந்துக்கு நல்ல இலக்காகிறது. எச்ஐவியின் மேலுறையிலுள்ள ஜிபி120 என்ற புரதம் முதலில் நம் உயிரணுவின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பிப் புரதத்தைப் பற்றுகிறது; உடனே ஜிபி120-இன் வடிவம் மாறி, அதுவரை மறைந்திருந்த பகுதி வெளிப்பட்டு, சிசிஆர்5 என்ற இரண்டாம் ஏற்பியைப் பிடிக்கிறது; பிறகு வைரஸின் இன்னொரு புரதமான ஜிபி41 ஈட்டிபோல் உயிரணுச் சவ்வில் பாய்ந்து வைரஸின் சவ்வையும் உயிரணுவின் சவ்வையும் இணைக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாராவிராக் என்ற மருந்து வைரஸைத் தொடுவதே இல்லை. சிசிஆர்5-க்குள் அமர்ந்து அதன் வடிவத்தை மாற்றி, ஜிபி120-க்குப் பிடி கிடைக்காமல் செய்துவிடுகிறது. பிறவியிலேயே சிசிஆர்5 இல்லாதவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்வதால்தான் இந்தத் துணிச்சல் சாத்தியமாயிற்று. எல்லா மனிதப் புரதங்களையும் இப்படி முடக்கிவிட முடியாது. வைரஸ் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு வாசலைப் பயன்படுத்தினால் இம்மருந்து பலன் தராது என்பதால், வைரஸ் எந்த வாசலைப் பயன்படுத்துகிறது என்று பரிசோதித்த பிறகே தருகிறார்கள்.