முன்னாள் போராளிகளின் பயிற்சியைத் தொழில் சான்றிதழுக்குக் கணக்கில் எடுக்கலாமா?

அமெரிக்காவில் படையை விட்டு வருகிறவர்களின் பயிற்சியைத் தொழில் உரிமத்துக்குக் கணக்கில் எடுக்கிறார்கள், மட்டக்களப்பில் இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) இருந்தவர்களுக்கும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், செய்யத்தான் வேண்டும். நான் இங்கே வாகனத் திருத்தம் படிப்பிக்கிறேன். சேர்டிபிகேட் இல்லாத பாஸ்மாரை, அதாவது கைத்தொழில் தெரிந்தவர்களை, என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சோதனைக்குத் தயார்படுத்துவதும் என் வேலை. அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நடப்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கனரக சாரதி உரிமத்தை உதாரணத்துக்கு எடுப்போம். படையில் 2 வருடமாவது கனரக வாகனம் ஓட்டியவர், விலகி 1 வருடத்துக்குள் விண்ணப்பித்தால், ஓட்டிக் காட்டும் சோதனையிலிருந்து மாநிலம் விலக்கு அளிக்கலாம். அவருடைய சாரதிப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். அவர் என்ன வாகனம், எத்தனை காலம் ஓட்டினார் என்று படையே எழுதிக் கொடுக்கும். முழு ஏற்பாடும் அந்தக் கடிதத்தின் மேல்தான் நிற்கிறது.

நம்மவர்களிடம் இல்லாதது அந்தக் கடிதம்தான். கிழக்கில் நிலைமை இன்னும் மோசம். 2004 மார்ச்சில் இயக்கம் பிளந்தது. ஏப்ரலில் இரு பிரிவும் மோதிய வெருகல் சண்டைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படியே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 2009இல் போர் முடிந்த பிறகு அரசின் புனர்வாழ்வு பெற்ற ஏறத்தாழ 12,000 பேரிடமாவது ஒரு பத்திரம் உண்டு. ஆனால் அது புனர்வாழ்வு பெற்றதைச் சொல்லுமே தவிர, அதற்கு முன் அவர் எத்தனை எஞ்சின் கழற்றிப் பூட்டினார் என்பதைச் சொல்லாது.

ஆனால் இந்த நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. முன்கற்றல் அங்கீகாரம், ஆர்.பி.எல். என்பார்கள். வகுப்புக்கே போகாதவரும் வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ. எடுக்கலாம். மொத்தம் 7 மட்டங்களில் 4ஆம் மட்டம் வரை கைத்தொழில் சான்றிதழ். மதிப்பீட்டாளர் தேசிய தேர்ச்சி நியமத்தை, அதாவது அந்தத் தொழிலில் என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்ற பட்டியலை, கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். யார் படிப்பித்தது என்பது அந்த நியமத்தில் இல்லை.

வாழைச்சேனைப் பக்கம் ஒருவர். ஒரு கால் செயற்கைக் கால். மீன்பிடிப் படகு எஞ்சின்களை இயக்கத்தில்தான் பழகினார். விண்ணப்பப் படிவத்தில் 'பயிற்சி பெற்ற இடம்' என்ற கட்டம் வந்ததும் பேனையை வைத்துவிட்டார். "சேர், இதில என்ன எழுதுற?" என்று கேட்டார். "இப்ப செய்யிற வேலைய எழுதுங்க அண்ணன்" என்றேன். மீனவர் சங்கத்திடம் கடிதம் வாங்கினோம், திருத்திய எஞ்சின்களைப் படம் எடுத்தோம். சோதனைக்கு முன் என் மாணவர்களுக்கு ஒரு எஞ்சினைத் திறந்து காட்டினார். பிளக்கைக் கழற்றி, நுனி கறுத்து ஈரமாக இருப்பதைப் பார்த்து, மணந்தும் பார்த்துவிட்டு, நேரே காபரேட்டருக்குப் போனார். ஒரு பொடியன் ஜெட்டில், எண்ணெய் வரும் சின்னத் துளையில், கம்பியைக் குத்தப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "குத்தினா ஓட்டை பெருத்துடும் தம்பி, பிறகு எண்ணெயக் குடிச்சிக்கிட்டே இருக்கும். காத்தடி." பாடத்தில் இதைத்தான் நானும் சொல்கிறேன். சோதனையில் அவர் தேறினார்.

அவரைப் போல வராதவர்கள்தான் அதிகம். படிவம் நிரப்பினால் யாராவது விசாரிக்க வந்துவிடுவார்களோ என்ற பயம். பெண்களுக்கு அது இரட்டிப்பு. இயக்கத்தில் லொறியும் டிரக்டரும் ஓட்டிய பெண்கள், கலியாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்ததையே வெளியில் சொல்வதில்லை. இவ்வளவு தொழில் தெரிந்தவர்கள் கூலி வேலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வேகிறது. அந்தப் 'பயிற்சி பெற்ற இடம்' என்ற கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அம்பாறையில் ஊர்காவல் படையில் இருந்த முஸ்லிம், சிங்களச் சகோதரர்களுக்கும் இதே வழி திறந்திருக்க வேண்டும்.

இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள் விடயத்தில் நான் அவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன். காயத்தைக் கட்டி, சேலைன் ஏற்றி உயிரைக் காப்பாற்றியவர்கள்தான். ஆனால் சின்னப் பிள்ளைக்கு மருந்தின் அளவு வேறு, சீனி வருத்தக்காரருக்குக் கவனிப்பு வேறு. அமெரிக்காவிலும் படை மருத்துவ உதவியாளர் தாதியாக வேண்டுமென்றால் அதற்குரிய படிப்பும் பரீட்சையும் உண்டு. தெரிந்த பகுதியைச் சோதித்துக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைப் படிப்பிக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் போன்ற சேவைகளுக்கு ஆள் எடுக்கும்போது இவர்களை நினைக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தொழில் பயிற்சி அதிகாரசபை அலுவலகத்துக்கோ, நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை அலுவலகத்துக்கோ கூட்டிப் போங்கள். அடையாள அட்டை, வேலை செய்யும் படங்கள், வேலை வாங்கியவர்களின் கடிதங்கள் கையில் இருக்கட்டும். என்ன தொழில் என்று கீழே எழுதினால், எந்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்கிறேன்.