மேசை இழுப்பறைக்குள் ஒரு ரேடியோ சோதனைக்கூடம்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் இருக்கிறது. 7, 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கான 5 வாட் டிரான்ஸ்மிட்டர் கிட்களைக் கட்டிப் பார்ப்பது பொழுதுபோக்கு. எனக்கென்று இருப்பது மூன்றடிக்கு இரண்டடி மேசை ஒன்றுதான். வேலை முடிந்ததும் அதையும் காலி செய்துவிட வேண்டும். பழைய பெரிய ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று காட்டும் கருவி) ஒன்றை வாங்கலாமா, கையடக்கக் கருவிகளே போதுமா? எந்த வரிசையில் வாங்குவது?

பதில்: கையடக்கக் கருவிகளே போதும். பழைய அனலைசர் நல்ல கருவிதான். ஆனால் மேசையில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். பழுதானால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். 5 வாட் கிட் கட்டுகிறவருக்கு அந்தச் சுமை வேண்டாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: பெரிய கருவிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை உள்ளீட்டுப் பாதுகாப்பு, படிப்படியான அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்), உலோகக் கவசம், ஃபில்டர்கள் போன்றவை. உள்ளங்கையளவு கருவிகளில் இவற்றைத்தான் குறைத்திருக்கிறார்கள். அங்கே விட்டுப்போனதை வெளியே நீங்கள் சேர்த்தால்தான் திரையில் வரும் எண்ணை நம்ப முடியும். அதனால் என் வரிசையில் திரை உள்ள கருவி எதுவும் முதலில் வராது.

முதலில் டம்மி லோடு

ஆன்டெனா இல்லாமல் டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க 50 ஓம் சுமை வேண்டும். இதை நீங்களே செய்யலாம். 1 கிலோ ஓம், 1 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் 20 எடுத்து, இரண்டு சிறு செப்புப் பலகைத் துண்டுகளுக்கு நடுவே இணையாகச் சால்டர் செய்தால் 50 ஓம், 20 வாட் கிடைக்கும். கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள். கம்பி சுற்றிய பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். அது சுருளாகவும் நடந்துகொள்ளும். மல்டிமீட்டரில் 50 ஓம் காட்டினாலும் 14 மெகாஹெர்ட்ஸில் 50 ஆக இருக்காது.

அதே பெட்டியில் ஒரு 1என்4148 டயோடு, ஒரு 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்த்தால் சாதாரண மல்டிமீட்டரே பவர் மீட்டராகிவிடும். டயோடுக்குப் பின் வரும் டிசி வோல்டேஜுடன் 0.5 கூட்டி, அதன் வர்க்கத்தை 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 5 வாட்டுக்கு மீட்டர் ஏறத்தாழ 21.9 வோல்ட் காட்ட வேண்டும். இந்த டயோடை 10 வாட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். 10 வாட்டிலேயே அதன் மீது 63 வோல்ட் எதிர்த்திசையில் விழுகிறது. 15 வாட்டில் 77 ஆகி அதன் வரம்பைத் தொட்டுவிடும். கெப்பாசிட்டர் 100 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

டம்மி லோடிலேயே மாதிரி எடுக்கும் முனை ஒன்றையும் வைத்துவிடுங்கள். பின்னால் ஸ்பெக்ட்ரம் பார்க்க இதுதான் வழி. தரையல்லாத, டிரான்ஸ்மிட்டர் இணையும் முனையிலிருந்து 820 ஓம் ரெசிஸ்டர் மூன்றைத் தொடராக இணைத்து எஸ்எம்ஏ (திருகி மாட்டும் சிறிய ரேடியோ இணைப்பு) சாக்கெட்டுக்குக் கொண்டுவந்து, சாக்கெட்டின் நடு முனைக்கும் தரைக்கும் குறுக்கே 51 ஓம் ஒன்றைப் போடுங்கள். கருவியின் 50 ஓம் அதோடு இணையாகச் சேரும்போது 40 டெசிபல் குறைவான மாதிரி வெளியே வரும். 5 வாட்டுக்கு மூன்று ரெசிஸ்டரிலும் சேர்த்தே 0.1 வாட்தான் சூடாகும். கால் வாட் ரகம் தாராளம். கூடவே 10, 20, 30 டெசிபல் எஸ்எம்ஏ அட்டெனுவேட்டர் ஒவ்வொன்றும், டிசி வோல்டேஜைத் தடுக்கும் டிசி பிளாக் ஒன்றும் வாங்கி வையுங்கள். விரல் நுனியளவு பொருள்கள்தான். இவை இல்லாமல் எரிந்துபோன கருவிகள் ஏராளம்.

அடுத்தது நானோவிஎன்ஏ

திரை உள்ளவற்றில் முதலில் வாங்க வேண்டியது இந்தக் கையடக்க நெட்வொர்க் அனலைசர். தானே சிக்னல் அனுப்பி, திரும்பி வருவதையும் கடந்து போவதையும் அளக்கும். ஆன்டெனா, கேபிள், ஃபில்டர், டொராய்டு (வளையத்தில் சுற்றிய சுருள்), கிரிஸ்டல் என்று கிட் கட்டுபவர் கையில் புழங்கும் எல்லாவற்றையும் இந்த ஒரே கருவி அளந்துவிடும். நான்கு அங்குலத் திரை உள்ள ஹெச்4 வகை கண்ணுக்கு இதம். 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்ற விளம்பரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏறத்தாழ 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அது அடிப்படை அலையில் அளக்கிறது. அதற்கு மேல் தன் சதுர அலையின் மூன்றாம், ஐந்தாம் ஹார்மோனிக்கை, அதாவது மூன்று, ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் உள்ள அலையைப் பயன்படுத்துகிறது. அதனால் 300க்குக் கீழே 70 டெசிபல் இருக்கும் அளவீட்டு வீச்சு மேலே போகப் போகச் சுருங்கும். உங்கள் பட்டைகளுக்கு இது ஒரு குறையே அல்ல.

விலையைக் குறைக்க உள்ளே கவசத் தகடே இல்லாமல் செய்த நகல்களும் விற்கின்றன. வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: அளவுத்திருத்தம் முடித்துவிட்டு, இரண்டு முனைகளிலும் ஒன்றும் இணைக்காமல், ஒரு முனையிலிருந்து மற்றதற்குக் கடப்பதைக் காட்டும் எஸ்21 கோட்டைப் பாருங்கள். 30 மெகாஹெர்ட்ஸ் வரை அது மைனஸ் 70 டெசிபலுக்கு அருகிலோ கீழேயோ கிடக்க வேண்டும். மைனஸ் 50க்கு ஏறி நின்றால் உள்ளே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிகிறது. ஃபில்டர் அளக்க அது உதவாது.

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது அதிர்வெண் எல்லையில். பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவி 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்திருக்கும். 101 புள்ளிகளை அதில் பரப்பினால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனா ஒத்திசையும் இடத்தில் கோட்டில் தெரியும் பள்ளம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போகும். ஆன்டெனா கெட்டுவிட்டது என்று நினைத்துக் கம்பியை வெட்டிவிடுவார்கள். முதலில் எல்லையை 6.5 முதல் 7.7 வரை சுருக்குங்கள். அதன் பிறகு ஓப்பன், ஷார்ட், லோடு (திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம்) என்று அளவுத்திருத்தம் செய்யுங்கள். எல்லையைப் பிறகு மாற்றினால் கருவி பழைய திருத்தத்தை இட்டுநிரப்பித்தான் காட்டும். திரையோரத்தில் பெரிய 'சி' எழுத்து சிறியதாக மாறுவது அதற்கு அறிகுறி. பட்டைக்கு ஒரு நினைவிடம் ஒதுக்கிச் சேமித்துவிட்டால் நேரம் மிச்சம். 0 எண் இடத்தில் வைத்தது ஆன் செய்ததும் தானே வரும்.

அளவுத்திருத்தத்தை எங்கே செய்கிறோம் என்பதும் முக்கியம். ஆன்டெனாவின் உண்மையான மின்மறிப்பு (இம்பிடன்ஸ்) தெரிய வேண்டுமானால் கேபிளின் ஆன்டெனா முனையில் ஓப்பன், ஷார்ட், லோடை மாட்டிச் செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டர் என்ன காண்கிறது என்பது மட்டும் போதுமானால் கருவியின் முனையில் செய்தால் சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆன்டெனாவைத் திருத்தப் போனால் வேலை முடியவே முடியாது. கருவியைக் கையில் எடுத்தாலோ யுஎஸ்பி செருகினாலோ கோடு நகர்ந்தால், கேபிளின் வெளித்தோலில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி ஆன்டெனாவின் ஊட்டுமுனை அருகே வைத்துவிட்டு அளங்கள். நீளக் கம்பி ஆன்டெனாவின் கேபிளை இணைக்கும் முன் நடுக்கம்பியையும் வெளிவலையையும் ஒரு கணம் ஒன்றோடொன்று தொட வையுங்கள். காற்றில் சேர்ந்த நிலைமின்னூட்டம் ஒரே பொறியில் உள்ளீட்டைக் கொன்றுவிடும்.

டொராய்டு சுற்றியதும் அளந்துவிடும் பழக்கம் பல மணி நேரப் பிழைதேடலை மிச்சப்படுத்தும். டி37-6 வளையத்தில் 20 சுற்று என்றால் 1.2 மைக்ரோஹென்றி வர வேண்டும். அது 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 53 ஓம் எதிர்வினை (ரியாக்டன்ஸ்). எஸ்11 (திரும்பி வரும் சிக்னல்) அளவீடு 50 ஓமுக்கு அருகில்தான் மிகத் துல்லியம் என்பதால், சுருளின் எதிர்வினை 10 முதல் 250 ஓமுக்குள் விழும் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். குறைவாகக் காட்டினால் சுற்றுகளை நெருக்குங்கள், அதிகமானால் விரியுங்கள். வெகு தூரம் தள்ளியிருந்தால் எண்ணியதில்தான் பிழை: கம்பி வளையத்துளைக்குள் ஒரு முறை புகுந்தாலே ஒரு சுற்று.

லோ-பாஸ் (குறைந்த அதிர்வெண்ணை மட்டும் விடும்) ஃபில்டரை டிரான்ஸ்மிட்டர் பலகையில் பொருத்தியபடியே அளக்காதீர்கள். மறுபக்கத்துப் பாகங்களும் சேர்ந்து அளவாகும். பக்கத்து இணைப்பைக் கழற்றிவிட்டு, இரு முனைக்கும் ஆர்ஜி-316 மெல்லிய கேபிள் துண்டை நேரடியாகச் சால்டர் செய்யுங்கள். 7.1இல் இழப்பு அரை டெசிபலுக்குள், 14.2இல் 40 டெசிபல் அளவுக்கு இருந்தால் நல்ல ஃபில்டர். கிரிஸ்டல் ஃபில்டர் 50 ஓமில் ஒத்துப்போகாது. 200 ஓம் ஃபில்டர் என்றால் இருபக்கமும் 150 ஓம் தொடராகச் சேர்த்து, கிடைக்கும் இழப்பிலிருந்து 12 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள். அளக்கும் எல்லையின் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் போதும். கருவியின் உள் பட்டை அகலத்தைக் குறைத்து மெதுவாக ஓட விடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை அளக்கும்போது கவனம் வேண்டும். இந்தக் கருவி ஏறத்தாழ மைனஸ் 10 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) வெளியே தருகிறது. 20 டெசிபல் பெருக்கம் உள்ள நிலையைத் தாண்டி அது திரும்பும்போது பிளஸ் 10 ஆகியிருக்கும். ஏற்கும் முனை திணறும். நடுவே 30 டெசிபல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள்.

டைனிஎஸ்ஏ

டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஹார்மோனிக் எவ்வளவு போகிறது என்பதை நானோவிஎன்ஏ சொல்லாது. அதற்கு டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர். அடிப்படை மாடலின் 'லோ' உள்ளீடு 0.1 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை. உங்கள் பட்டைகளுக்கு அதுவே போதும். இன்னும் மேலே போகும் அல்ட்ரா மாடல், பெரிய திரைக்கும் குறுகிய பட்டை அகலத்துக்கும் ஆசைப்பட்டால் மட்டும். வந்ததும் உடன் தரும் சிறு கேபிளால் கையேடு சொல்லும் முனைகளை இணைத்துத் தற்சோதனையை ஓட்டுங்கள். தேறாத நகல் என்றால் அன்றே திருப்பிவிடலாம்.

இனி கணக்கு. ஒரு மில்லிவாட்டை 0 டிபிஎம் என்று கொண்டால் 5 வாட் 37 டிபிஎம். மாதிரி முனை 40ஐக் குறைத்து மைனஸ் 3 ஆக்கும். 30 டெசிபல் அட்டெனுவேட்டர் மைனஸ் 33க்கு இறக்கும். மைனஸ் 25க்குக் கீழே இருக்கும்போதுதான் இந்தக் கருவி தானாக ஹார்மோனிக் எதையும் உண்டாக்காமல் ஒழுங்காக நடந்துகொள்கிறது. பிளஸ் 10க்கு மேல் எக்காரணத்தாலும் கொடுக்காதீர்கள். 5 வாட் நேராக நுழைந்தால் அந்த நொடியே போய்விடும்.

எல்லையை 1 முதல் 50 மெகாஹெர்ட்ஸ், பட்டை அகலத்தை 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, டிரான்ஸ்மிட்டரை 7.1இல் வைத்து மோர்ஸ் கீயை அழுத்தி 14.2, 21.3, 28.4 ஆகிய இடங்களைப் பாருங்கள். அடிப்படை அலையை விட ஒவ்வொன்றும் 50 டெசிபல் கீழே இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் உடனே ஃபில்டரைப் பிரிக்காதீர்கள். கண்ணில் படுவது டிரான்ஸ்மிட்டருடையதா, கருவிக்குள்ளேயே பிறந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். உட்புற அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டுங்கள். அந்தப் பத்தைக் கருவி தானே ஈடுசெய்து காட்டும் என்பதால் உண்மையான ஹார்மோனிக் அதே உயரத்தில் நிற்கும். கருவிக்குள் பிறந்த இரண்டாம் ஹார்மோனிக் 10 அளவு, மூன்றாவது 20 அளவு சரியும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் கிட்டைக் குறை சொல்வது நியாயமல்ல. ஹார்மோனிக் உண்மைதான் என்றால் ஃபில்டரின் உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போவதற்கு ஹார்மோனிக்குக்கு அந்த இடைவெளியே போதும்.

மற்றவை

ஆசிலோஸ்கோப்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வாங்கும்போது 14 மெகாஹெர்ட்ஸ் அலையின் வடிவம் தெரிய 70 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் இருக்க வேண்டும். இரண்டு சேனலையும் இயக்கினால் மாதிரியெடுக்கும் வேகம் பாதியாகும் மாடல்கள் பல, விவரத்தாளில் பாருங்கள். புரோபை எப்போதும் 10 மடங்கு நிலையில் வையுங்கள். 1 மடங்கில் அதன் பட்டை அகலம் சில மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். ஆசிலேட்டரில் வைத்தால் அதுவே ஆசிலேட்டரை நிறுத்திவிடவும் கூடும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) இருந்தால் ஆசிலேட்டர் நகர்வதையும் கீயிங் சத்தத்தையும் கவனிக்க அருமையான துணை. 8 பிட் கருவி என்பதால் ஹார்மோனிக் அளக்க அதை நம்ப வேண்டாம். சிறிய டிரான்சிஸ்டர் டெஸ்டர் பாகங்களைப் பிரித்தறிய உதவும். மின்னேற்றம் மிச்சமிருக்கும் கெப்பாசிட்டரைச் செருகினால் அதன் சிப் எரியும், ஆகவே முதலில் இறக்கிவிடுங்கள்.

எல்லாம் ஒரு சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டியில் அடங்கும். நாளடைவில் முதலில் தேய்வது எஸ்எம்ஏ முனைகள்தான். சாதாரண ரகம் சில நூறு முறை மாட்டிக் கழற்றத்தான் தாங்கும். கருவியின் ஒவ்வொரு முனையிலும் ஆண்-பெண் அடாப்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிட்டு, அதன் மீதே மாட்டிக் கழற்றுங்கள். தேய்ந்தால் அடாப்டரை மட்டும் மாற்றலாம். மாட்டும்போது நட்டை மட்டும் திருகுங்கள். கேபிளையோ அட்டெனுவேட்டரையோ திருகினால் உள்ளே நடு ஊசி உரசித் தேயும். பிறகு அளவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றாக வரும்.